உழவு மண்ணின் ஆழம்

(இங்கிலாந்து வயல்களில் மெட்டல் டிடெக்டரோடு பழங்காசு தேடும் தமிழ் நண்பர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்துக்கு முன்பே உங்களில் பலர் கேள்விகளை எழுதி அனுப்பியிருந்தீர்கள். எல்லாவற்றையும் படித்தேன். ஒருவர் கருவி வாங்கி ஆறு மாதம் என்கிறார், இன்னொருவர் மூன்றாவது கருவிக்கு மாறிவிட்டதாகச் சொல்கிறார். ஆனால் பெரும்பாலோர் கேட்பது ஒன்றைத்தான்: "ஆழம் போதவில்லை. எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வயல்களில் நீங்கள் தவறவிடும் காசு, கருவிக்கு எட்டும் தூரத்தில்தான் கிடக்கிறது. அதன் குரலை வேறு ஏதோ ஒன்று அமுக்கிவிடுகிறது. அது என்ன என்று கண்டுபிடிக்காமல் சென்சிடிவிட்டியை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால், காசின் குரலோடு சேர்ந்து அமுக்குகிற குரலும் ஏறும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓர் ஆழத்துக்குக் கீழே நாம் போகவே கூடாது. அது ஏன் என்பதையும் இன்று பேசுகிறேன். அதைச் சொல்லாமல் ஆழத்தைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சாகத்தான் இருக்கும்.

உலோகத்தைத் தேடும் கருவியின் கோளாறுகளைப் பற்றிப் பேசுவதானால் 1881-ஆம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்ட், வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சுடப்பட்டார். ஒரு குண்டு உடலுக்குள் தங்கிவிட்டது. எக்ஸ்ரே வர இன்னும் பதினான்கு ஆண்டுகள் இருந்தன. மருத்துவர்கள் விரலையும் கருவியையும் காயத்துக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் டெலிபோன் தந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல் முன்வந்தார். டேவிட் ஹியூஸ் என்பவர் 1879-இல் செய்துகாட்டிய ஓர் ஏற்பாட்டை எடுத்துக்கொண்டார். இரண்டு கம்பிச் சுருள்களை ஒன்றின் விளைவை மற்றொன்று சரிக்கட்டும்படி வைத்துவிட்டால், ஓர் உலோகத் துண்டு பக்கத்தில் வரும்போது அந்தச் சமநிலை குலையும். டெலிபோன் ரிசீவரில் ஓசை கேட்கும். நம் கையில் இருக்கும் காயிலின் அடிப்படை இன்றைக்கும் இதுதான். முந்தைய உள்நாட்டுப் போரில் உடலில் குண்டு வாங்கியிருந்த பழைய படைவீரர்களை வரவழைத்து, பெல் தன் கருவியைச் சோதித்துப் பார்த்தார். அது குண்டைக் காட்டியது.

ஜூலை 26-ஆம் தேதி வெள்ளை மாளிகையில் ஜனாதிபதியின் படுக்கை அருகே கருவியை வைத்தபோது, ரிசீவரில் விடாமல் ஒரு படபடப்பு கேட்டது. கண்டென்சரைத் தவறான பக்கத்தில் இணைத்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி மறுபடியும் முயன்றார்கள். இந்த முறை மெல்லிய ஓசை வந்தது. ஆனால் ஒரு புள்ளியில் வரவில்லை, அகலமான ஒரு பரப்பு முழுவதும் வந்தது. ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்குக் கீழே எஃகுக் கம்பிகளால் ஆன இன்னொரு மெத்தை இருந்ததைப் பெல் அதற்குப் பிறகுதான் அறிந்தார். இதற்கெல்லாம் மேலாக, பொறுப்பில் இருந்த மருத்துவர் பிளிஸ், குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்பியதால் அந்தப் பக்கத்தை மட்டுமே தேடச் செய்தார். செப்டம்பர் 19-ஆம் தேதி கார்ஃபீல்ட் இறந்தார். உடலைத் திறந்து பார்த்தபோது குண்டு இடப்பக்கத்தில் இருந்தது.

இந்தக் கதையை நான் மிகவும் மதிக்கிறேன். காரணம், நம் வயலில் நடக்கும் கோளாறுகளில் முக்கால்வாசி இதற்குள் இருக்கின்றன. இணைப்பில் பிசகு, பக்கத்தில் கிடக்கும் இரும்பு, முன்பே முடிவு கட்டிக்கொண்டு தேடுவது. கருவியின் பலக்குறைவு இந்தப் பட்டியலில் கடைசியில்தான் வரும்.

இப்போது ஆழத்தின் கணக்குக்கு வருவோம். இதைப் புரிந்துகொண்டால் பல ஏமாற்றங்கள் தீரும்.

காயில் ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அது காசில் சுழல் மின்னோட்டத்தை எழுப்புகிறது. அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சிறு புலத்தை உண்டாக்குகிறது. அதைக் காயிலுக்குள் இருக்கும் இன்னொரு சுருள் வாங்கிக்கொள்கிறது. ஆக, புலம் போகும்போதும் தேய்கிறது, திரும்பும்போதும் தேய்கிறது. உங்களிடம் பெரும்பாலும் இருக்கும் 28 செ.மீ. காயிலை எளிய வட்டச் சுருளாக எண்ணிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 செ.மீ. ஆழத்தில் கிடக்கும் காசை 20 செ.மீ.க்கு இறக்கினால், திரும்பி வரும் சிக்னல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. 30 செ.மீ.க்கு இறக்கினால் பதினெட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். இன்னும் கீழே, காயிலின் அகலத்தைவிட வெகு தொலைவுக்குப் போகப்போக, தூரம் இரட்டித்தால் சிக்னல் 64-இல் ஒன்றாகும் என்ற கணக்கை நெருங்கும்.

இதன் பொருள் என்ன? இரண்டு மடங்கு ஆழம் வேண்டும் என்றால் இரண்டு மடங்கு நல்ல கருவி போதாது. பல பத்து மடங்கு நல்ல கருவி வேண்டும். அப்படி ஒன்றை யாரும் விற்கவில்லை. ஒரு தனிக் காசை 15 முதல் 25 செ.மீ. வரை தெளிவாகக் கேட்டால் உங்கள் கருவி தன் வேலையைச் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. காயிலைத் தரையிலிருந்து 5 செ.மீ. தூக்கி வீசினால், எந்த செட்டிங்கையும் தொடாமலே சிக்னலில் பெரும்பகுதியை நீங்களே எறிந்துவிடுகிறீர்கள். புதியவர்கள் வீசுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நடுவில் காயில் தரையை உரசும்; இரண்டு முனையிலும் ஊஞ்சல் போல மேலே எழும்பும். அந்த இரண்டு முனைகளில் கிடக்கும் ஆழக் காசு அவருக்கு இல்லை என்றே ஆகிவிடுகிறது. அறுவடைக்குப் பின் நிற்கும் கோதுமைத் தட்டைகளுக்கு மேல் வீசும்போதும் இதே இழப்புதான். தட்டை 10 செ.மீ. உயரம் நின்றால், உங்கள் ஆழத்தில் 10 செ.மீ. காற்றுக்குப் போய்விடும். அந்த வயலை உழுது, மழை பெய்து, மண் படிந்த பிறகு போங்கள். ஆழம் தானாகக் கூடியிருக்கும்.

இனி, கருவி ஓயாமல் பிதற்றுகிறது என்ற புகார். இதற்கு ஒரு வரிசை முறை உண்டு. அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

காயிலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, அசைக்காமல் பிடியுங்கள். அப்போதும் பிதற்றினால் மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மேலே மின்கம்பி போகிறதா பாருங்கள். சட்டைப் பையில் மொபைல் இருந்தால் தூர வையுங்கள், அல்லது விமானப் பயண நிலைக்கு மாற்றுங்கள். கால்நடை வேலிக்கு மின்சாரம் பாய்ச்சியிருந்தால் ஒரே தாளத்தில் டக், டக் என்று கேட்கும், கேட்டவுடன் தெரிந்துவிடும். பத்தடி தள்ளி நண்பர் ஒருவர் அதே மாதிரிக் கருவியோடு தேடினாலும் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். இதற்குக் கருவியிலேயே நாய்ஸ் கேன்சல் என்றோ, அலைவரிசை மாற்றம் என்றோ ஒரு வசதி இருக்கும். அதை அழுத்திவிட்டு, அமைதியாகும்வரை காயிலை அசைக்காமல் பிடித்திருங்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் சென்சிடிவிட்டியைக் குறைக்க வேண்டும்.

காற்றில் அமைதியாக இருக்கிறது. கேபிளைத் தட்டினால் மட்டும் சத்தம் போடுகிறது என்றால், இணைப்பைக் கழற்றித் துடைத்து மறுபடி இறுக்குங்கள். தண்டோடு கேபிளைத் தொளதொளவென்று சுற்றியிருந்தாலும் வீசும்போது அது ஆடி, பொய்ச் சிக்னல் தரும். காயிலின் மூடிக்கும் காயிலுக்கும் நடுவில் புகுந்த ஈர மண்ணைப் பலர் கழுவுவதே இல்லை. அந்த மண்ணில் இரும்புத்தாது இருந்தால், கருவி எந்நேரமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

காற்றில் அமைதி, தரையை நெருங்கும்போது மட்டும் ஓசை ஏறுகிறது, இறங்குகிறது. இதுதான் மண்ணின் குரல். கிரவுண்ட் பேலன்ஸ் செய்ய வேண்டியது இங்கேதான். உலோகமில்லாத ஒரு சிறு இடத்தைத் தேர்ந்து, காயிலைத் தரைக்கு மேலும் கீழும் பம்ப் அடிப்பது போல அசைத்து, ஓசை சமமாகும்வரை சரிசெய்யுங்கள். இதை வீட்டுக் கொல்லையில் ஒருமுறை செய்துவிட்டு ஊரெல்லாம் சுற்றக் கூடாது. இங்கிலாந்தின் மண் ஒன்று போல இல்லை. தெற்கே சுண்ணாம்புக் குன்றுகளின் மண் சாது. அங்கே சென்சிடிவிட்டியைத் தாராளமாக ஏற்றலாம். நார்த்தாம்ப்டன்ஷயரில் இரும்புக்கல் பாறைமேல் படிந்த சிவந்த மண்ணில் அதே அளவை வைத்தால் கருவி கதறும். ஒரே வயலிலேயே மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் ஒன்றுமாக மண் மாறும். இடம் மாறினால் பேலன்ஸையும் மாற்றுங்கள்.

இதில் உங்கள் ஆர்வத்தைத் தூண்டக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது. மண் நெருப்பில் வெந்தால் அதன் காந்தத் தன்மை கூடும். அடுப்பும் உலையும் சூளையும் இருந்த இடத்தை அகழாய்வாளர்கள் தோண்டாமலே காந்தமானியால் கண்டுபிடிப்பது இதை வைத்துத்தான். ஆகவே, அமைதியாக இருந்த வயலில் திடீரென்று ஒரு பகுதி மட்டும் இரைச்சலாகி, கூடவே ஆணிகளின் கரகரப்பும் கேட்டால், அங்கே மனிதர்கள் வாழ்ந்திருக்கலாம். பலர் அந்த இரைச்சலைக் கண்டு விலகி, சுத்தமான பகுதிக்குப் போய் ஆழம் தேடுகிறார்கள். காசைத் தொலைத்தவர்கள் வாழ்ந்ததோ இந்த இரைச்சலுக்குள்.

சில இரைச்சல்களுக்கு மட்டும் மருந்தில்லை. நகராட்சிக் குப்பையிலிருந்து செய்த பசுந்தழை உரத்தை வயலில் கொட்டியிருந்தால், அதோடு அரைபட்ட அலுமினியத் துணுக்குகளும் வந்து சேர்ந்திருக்கும். நூற்றுக்கணக்கான துணுக்குகள், ஒவ்வொன்றும் ஒரு நல்ல சிக்னல். அந்த வயலை விட்டுவிடுங்கள். நிலக்கரியைச் சுட்டு எடுத்த பழைய கோக் கட்டிகளும் அப்படித்தான்; மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் நல்ல உலோகம் போலவே ஒலிக்கும்.

இப்போது டிஸ்கிரிமினேஷன். இரும்பை ஒதுக்கிவிடும் இந்த வசதியைத்தான் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்கிறார்கள். ஆழக் காசுகளைத் தவறவிட வைப்பதில் முதலிடமும் இதற்குத்தான் என்று நான் நினைக்கிறேன்.

இரும்பையும் வெள்ளியையும் கருவி எப்படிப் பிரிக்கிறது? திரும்பி வரும் சிக்னல் எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதை அளந்து, அதற்கு ஓர் எண் கொடுக்கிறது. காசு மேலே கிடந்தால் எண் நிலையாக நிற்கும். ஆழம் போகப்போக, காசின் சிக்னல் சுருங்கி மண்ணின் சிக்னலோடு கலக்கிறது, எண் தடுமாறுகிறது. இரும்புத்தாது நிறைந்த மண்ணில் அது இரும்பின் பக்கமாகச் சரியும். நீங்கள் இரும்பை முழுக்க ஒதுக்கியிருந்தால், அந்த வெள்ளிக் காசு இரும்போடு சேர்ந்து வாயடைத்துப் போகும். கருவி அதைக் கண்டுபிடித்திருக்கும்; உங்களுக்குச் சொல்லியிருக்காது.

ரோமானியர் வாழ்ந்த இடத்தில் நிலைமை இன்னும் கடினம். அங்கே மண்ணெல்லாம் ஆணி, செருப்பின் அடியில் அடித்த ஆணி உட்பட. ஓர் ஆணி மேலே, ஒரு சிறு வெண்கலக் காசு பக்கத்தில். கல்யாண வீட்டில் நாதஸ்வரமும் தவிலும் உச்சத்தில் இருக்கும்போது காதோரம் யாரோ மெதுவாகப் பேசுவது மாதிரி. காசு பேசத்தான் செய்கிறது. இங்கே சென்சிடிவிட்டியை ஏற்றினால் ஆணியின் குரலும் ஏறும். செய்ய வேண்டியவை வேறு. இரும்பை ஒதுக்காமல் அதற்குத் தாழ்ந்த ஓசை ஒன்றைக் கொடுத்து, கேட்டுக்கொண்டே போங்கள். ரிகவரி ஸ்பீடைக் கூட்டுங்கள். அதாவது ஒரு பொருளைக் கேட்டு முடித்து அடுத்ததற்குத் தயாராகும் வேகம். கொஞ்சம் ஆழம் குறையும். ஆனால் ஒட்டிக் கிடக்கும் இரண்டு பொருள் இரண்டாகக் கேட்கும். முடிந்தால் 15 செ.மீ. காயிலைப் போடுங்கள். பெரிய காயில் ஆழம் போகும் என்பது சுத்தமான நிலத்துக்கு உண்மை; ஆணிக் காட்டில் அது ஒரே நேரத்தில் பல ஆணிகளைப் பார்ப்பதால் குழம்பிவிடும். பிறகு, மெதுவாக வீசுங்கள். வடக்கு தெற்காக ஒருமுறை நடந்த வயலைக் கிழக்கு மேற்காக மறுபடி நடங்கள். ஆணிக்கு ஒரு பக்கம் மறைந்த காசு மறுபக்கத்திலிருந்து கேட்கும்.

ஒரு சிக்னல் காசா, இரும்பின் பொய்யா என்று சந்தேகம் வந்தால், அதைச் சுற்றிக் கால்வட்டம் நடந்து செங்குத்துத் திசையில் வீசிப் பாருங்கள். வட்டமான காசு இரு திசையிலும் ஏறக்குறைய ஒன்றாக ஒலிக்கும். வளைந்த ஆணி ஒரு திசையில் இனிமையாகவும் மறு திசையில் கரகரப்பாகவும் ஒலிக்கும். பின்பாயிண்ட் செய்தால், அதாவது சரியான புள்ளியைக் குறித்துப் பார்த்தால், இடம் சற்று நகர்ந்திருக்கும். ஆனால் குத்திட்டு நிற்கும் காசும் மெலிந்து, இரட்டை ஒலி தரும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இரும்பை ஒதுக்குவது பற்றிப் பேசும்போது இலங்கையின் வன்னிப் பகுதியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. போலந்து நாட்டு இராணுவப் பொறியாளர் யூசெஃப் கொசாட்ஸ்கி இரண்டாம் உலகப் போரில் உருவாக்கிய கண்ணிவெடி டிடெக்டர், 1942-இல் எல் அலமெய்ன் போரில் வழி திறக்கப் பயன்பட்டது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கருவிகளோடு, ஹாலோ டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம் 2002 முதல் இலங்கையின் வடக்கில் கண்ணிவெடி அகற்றி வருகிறது. அந்த வேலையில் இருப்பவர்களில் நம் பெண்கள் பலர். போரில் கணவரை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுடைய கருவியில் இதை விட்டுவிடலாம் என்ற செட்டிங்குக்கு இடமில்லை. ஒவ்வொரு சிக்னலையும், ஆணியோ தகரமோ தோட்டாக் கூடோ, முழங்காலில் அமர்ந்து, மண்ணைப் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பார்த்தாக வேண்டும். பொழுதுபோக்குக்காகத் தேடும் நாம் சில ஆணிகளைத் தோண்டச் சலித்துக்கொள்ளும்போது, அந்தப் பொறுமையை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

அடுத்து, தேடும் காசு எது? இதைக் கேட்காமல் செட்டிங் சொல்ல முடியாது. இந்த நாட்டின் இடைக்கால வெள்ளிப் பென்னி, சுத்தியலால் அடித்து முத்திரையிட்ட மெல்லிய தகடு. விட்டம் ஏறத்தாழ இரண்டு செ.மீ., எடை ஒன்றரைக் கிராமுக்கும் குறைவு. சில்லறைக்காக அதையே இரண்டாகவும் நான்காகவும் வெட்டிப் புழங்கினார்கள். முதலாம் எட்வர்ட் 1279-இல் நாணயத்தைச் சீர்திருத்தி, வட்டமான அரைப் பென்னியையும் கால் பென்னியையும் வெளியிட்ட பிறகுதான் அந்த வெட்டும் பழக்கம் ஓய்ந்தது. வெட்டிய கால் துண்டு சுண்டுவிரல் நகமளவுதான் இருக்கும். அதற்கும் விக்டோரியா காலத்துத் தடித்த வெண்கலப் பென்னிக்கும் ஒரே அலைவரிசை பொருந்தாது. தடித்த வெள்ளிக்கும் செம்புக்கும் தாழ்ந்த கிலோஹெர்ட்ஸ் உதவும். மெல்லியதற்கும் சிறியதற்கும் உயர்ந்தது உதவும். பல அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் இயங்கும் கருவிகள் இந்தத் தேர்வை ஓரளவு நம் கையிலிருந்து எடுத்துக்கொண்டன. கடற்கரையின் ஈர மணலில் அவற்றின் அருமை இன்னும் தெரியும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் ஒற்றை அலைவரிசைக் கருவி அங்கே திணறும்.

திரையில் தெரியும் ஆழக் கணக்கையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு சராசரிக் காசின் அளவை மனதில் வைத்துத்தான் கருவி அந்த அளவைச் சொல்கிறது. வெட்டிய கால் பென்னி 8 செ.மீ.யில் கிடந்தாலும் திரை அதை ஆழமானது என்று காட்டலாம். 40 செ.மீ.யில் கிடக்கும் கலப்பையின் உடைந்த கொழுவை 15 என்று காட்டலாம்.

சோதனைக் குழி தோண்டிப் பார்க்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "ஒரு பென்னியைப் புதைத்தேன், கருவி அதை இரும்பு என்கிறது, கருவி பழுதா?" என்று மூன்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். கருவி சரியாகத்தான் சொல்கிறது. 1992 முதல் இந்த நாட்டின் ஒரு பென்னியும் இரண்டு பென்னியும் செம்பு பூசிய எஃகில் வருகின்றன. 2012 முதல் ஐந்தும் பத்தும் நிக்கல் பூசிய எஃகு. காந்தத்தில் ஒட்டும் காசை வைத்துக் கருவியைச் சோதிக்காதீர்கள். 1992-க்கு முந்தைய வெண்கலப் பென்னி ஒன்றையும், 1947-க்கு முந்தைய வெள்ளி கலந்த ஆறு பென்ஸ் ஒன்றையும் வாங்கி வையுங்கள். 10, 15, 20 செ.மீ. ஆழங்களில் புதைத்து, புதைத்த இடத்தைக் குறித்து, ஒவ்வொரு செட்டிங்கையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக மாற்றிக் கேளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். 20 செ.மீ.யில் கிடக்கும் காசின் ஓசை பலருக்கு ஸ்பீக்கரில் காற்றோடு போய்விடுகிறது.

இனி நான் முதலில் சொன்ன மற்ற பாதி. எவ்வளவு ஆழம் போகலாம்?

உழவு வழக்கமாக 20 முதல் 25 செ.மீ. வரை மண்ணைப் புரட்டுகிறது. அந்த அடுக்கில் கிடக்கும் காசு, தான் முதலில் விழுந்த இடத்திலிருந்து எப்போதோ கிளம்பிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் கலப்பையும் உரமும் அதைத் தேய்க்கின்றன. அதை எடுத்து, எடுத்த இடத்தைக் குறித்து, பதிவு செய்வது நன்மையான காரியம் என்றே கருதுகிறேன். கருவியின் இயல்பான எல்லையும் உழவின் ஆழமும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பது நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. அதற்குக் கீழே, கலப்பை படாத மண்ணில் இருப்பது அடுக்கு கலையாத வரலாறு. எது மேலே, எது கீழே, எதனோடு எது என்பதெல்லாம் அங்கே சாட்சி. இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் டிடெக்டர் நடத்தை விதிகள், உழுத நிலத்தில் உழவின் ஆழத்துக்குள் மட்டும் தேடச் சொல்வது இதனால்தான். அதிக ஆழம் கேட்டு உங்களில் சிலர் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கவலையாக இருந்தது. 40 செ.மீ.யில் ஒரு காசைக் கேட்கும் கருவி கையில் கிடைத்தால் நாம் என்ன செய்வோம்?

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிலத்துக்காரரின் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் தனி அனுமதி இன்றி டிடெக்டர் பயன்படுத்துவது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேற்பட்ட, பத்து சதவீதமாவது பொன்னோ வெள்ளியோ கலந்த காசுகள் இரண்டு ஒன்றாகக் கிடைத்தாலே அது புதையல். வெண்கலக் காசானால் பத்து. 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். தனிக்காசு பொதுவாகப் புதையலாகாது, ஆனாலும் கண்டெடுத்தவற்றைப் பதிவு செய்யும் உங்கள் மாவட்டக் கண்டெடுப்பு அலுவலரிடம் காட்டுங்கள். அப்படி மக்கள் காட்டியவற்றால் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இன்று யாரும் பார்க்கக்கூடிய பதிவாகியிருக்கின்றன.

ஊருக்குப் போகும்போது கருவியைக் கொண்டுபோகலாமா என்று இருவர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்களிடமிருந்து சங்க காலச் செப்புக்காசுகளும் ரோமானியக் காசுகளும் வெளிவந்தன என்பது உண்மை. அந்த ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலையும் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். இங்கே இருப்பது போலப் பொதுமக்கள் தேடிப் பதிவு செய்யும் ஏற்பாடு அங்கே இல்லை. இலங்கையில் புதையல் தோண்டுவது தொல்பொருள் சட்டப்படி குற்றம். வடக்கில் மண்ணுக்குள் இன்னும் கண்ணிவெடியும் இருக்கிறது.

கடைசியாக, ஆழம் என்றதும் நான் நினைத்துக்கொள்ளும் ஒரு கண்டெடுப்பு. 2010 ஏப்ரலில் சாமர்செட் மாவட்டத்தில் ஃப்ரோம் ஊருக்கு அருகே ஒரு வயலில், டிடெக்டரோடு தேடிய ஒருவருக்கு விசித்திரமான ஒரு சிக்னல் கேட்டது. தனிக் காசின் தெளிவு அதில் இல்லை. தோண்டினார். ஏறத்தாழ 35 செ.மீ. ஆழத்தில் ஒரு சிறு ரோமானியக் காசு வந்தது. இன்னும் கொஞ்சம் எடுத்ததும் ஒரு மண்பானையின் வாய் தெரிந்தது. ஒரு தனிக் காசு அந்த ஆழத்தில் அப்படிக் கேட்டிருக்காது. பானை நிறையக் காசு இருந்ததால்தான் அந்தக் குரல் மேலே வந்தது. அவர் அங்கேயே நிறுத்தினார். குழியை மூடிவிட்டு, கண்டெடுப்பு அலுவலருக்குச் சொல்லி அனுப்பினார்.

அகழாய்வாளர்கள் வந்து மூன்று நாள் வேலை செய்தார்கள். பானைக்குள் 52,503 காசுகள். எடை 160 கிலோ. அவர்கள் பானையை அப்படியே கொட்டிவிடவில்லை. அடுக்கடுக்காக எடுத்து, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே வைத்தார்கள். அதிலிருந்த காசுகளில் மிகப் பிந்தியவை, 286 முதல் 293 வரை பிரிட்டனைத் தனி அரசாக ஆண்ட கராசியஸ் வெளியிட்டவை. பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த உண்டியலாக இருந்தால், அந்தப் பிந்திய காசுகள் மேலேதான் இருக்க வேண்டும். அவற்றின் பெரும்பகுதி பானையின் பாதிக்கும் கீழே கிடந்தது. அத்தனை காசுகளும் ஒரே தடவையில் அதற்குள் கொட்டப்பட்டவை என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். ஆபத்து வந்தபோது புதைத்துவிட்டு மீட்க நினைத்த பணமா, திரும்ப எடுக்கும் எண்ணமே இல்லாத காணிக்கையா என்ற விவாதத்துக்கு அந்த அடுக்கு வரிசை அடிப்படையானது. இப்போது அந்தக் காசுகள் டான்டன் நகரில் சாமர்செட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இங்கிருந்து ரயிலில் போய் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம்.